அறளை என்று சொல்லி ஒதுக்கிவிடலாமா?



கல்முனையிலிருந்து நாள்தோறும் பஸ்ஸில் வரிப்பத்தான்சேனைக்குச் சென்று படிப்பித்துவரும் கத்தோலிக்க ஆசிரியை ஒருவர் இப்பத்திரிகைக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். தம்முடன் படிப்பிக்கும் முஸ்லிம் ஆசிரியை ஒருவரின் மூத்தம்மாவைப் பற்றியது அக்கடிதம். மூத்தம்மாவுக்கு வயது 78. இறக்காமப் பகுதி வட்டைகளில் களை பிடுங்கி, அருவி வெட்டி, கதிர் பொறுக்கிப் பிள்ளைகளை வளர்த்தவர். இரண்டு வருடங்களாக அவரில் ஒரு மாற்றம். தொழுகைப் பாயை மடித்து வைத்த கையோடு, "நான் தொழுதேனா?" என்று கேட்கிறார். தேநீருக்கு இரண்டு தரம் சீனி போடுகிறார். பேரப்பிள்ளையின் பெயர் நாவில் வருவதில்லை. ஆனால், சிறு வயதில் ஓதிப் பழகிய யாசீன் சூறாவைத் தொடங்கிக் கொடுத்தால் தடங்கலின்றி ஓதி முடிக்கிறார். அருவி வெட்டுக் காலத்துக் கவிகளைக் கேட்டால் வரிசையாக வருகின்றன. "யாசீன் ஓதுபவவுக்கு என்ன வருத்தம்? வயசுக்கு அறளை பெயர்ந்திருக்கு" என்று அயலவர் சொல்கிறார்களாம்.

கடிதத்தில் இன்னொரு கேள்வியும் உண்டு. சாய்ந்தமருதில் வாழ்க்கைப்பட்டிருந்த மூத்தம்மாவின் தங்கை 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல்கோளில் இறந்துபோனார். இப்பொழுது மூத்தம்மா, "தங்கச்சி பெருநாளைக்கு வரல்லியா?" என்று கேட்கிறார். வீட்டார் உண்மையைச் சொல்கிறார்கள். அன்றுதான் அச்செய்தியைக் கேட்டவர்போல் அவர் கதறி அழுகிறார். மறுநாளும் அதே கேள்வி, அதே அழுகை. "சுவாமி, இனி அவர்கள் என்ன சொல்வது? பொய் சொல்லலாமா?" என்று ஆசிரியை கேட்கிறார்.

இரண்டாவது கேள்விக்குப் பின்னர் வருவோம். முதலில் அந்த 'அறளை'யைப் பார்க்கவேண்டியிருக்கிறது.

ஞாபகம் ஒன்றல்ல, பல

ஞாபகசக்தியை நாம் ஒரு பெட்டகமாக எண்ணிக்கொள்கிறோம். வயது போகப் போகப் பெட்டகம் ஓட்டையாகி உள்ளே இருப்பதெல்லாம் ஒழுகிவிடுகிறது என்பது நமது எண்ணம். புனித அகுஸ்தீனார் தம் வாழ்வை இறைவன்முன் அறிக்கையிட்ட நூலின் பத்தாம் பாகத்தில் ஞாபகத்தைப் பரந்த வெளியாகவும் பெரிய மாளிகையாகவும் கண்டு வியந்தார். அவரது உவமையே இன்றைய மருத்துவத்துக்குக் கிட்டியது. மாளிகையில் பல அறைகள். எல்லா அறைகளும் ஒரே நாளில் பூட்டப்படுவதில்லை.

இதனை உலகுக்குத் தெளிவாக்கியவர் ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கர். கடுமையான வலிப்பு நோயால் அவதிப்பட்ட அவருக்கு 1953இல், 27 வயதில், ஹாட்பேட் நகரில் சத்திரசிகிச்சை நடைபெற்றது. மூளையின் இருபுறமும் உள்ளே அமைந்த, கடற்குதிரை போன்ற வடிவமுள்ள ஓர் உறுப்பின் பெரும் பகுதியை வைத்தியர் அகற்றினார். வலிப்புக் குறைந்தது. ஆனால் அதன்பின் நடந்த எதுவும் அவருடைய மனதில் நிலைக்கவில்லை. பல வருடங்களாகத் தம்மைப் பரிசோதித்துவந்த பிரெண்டா மில்னர் என்ற உளவியல் அறிஞரை ஒவ்வொரு முறையும் புதியவராகவே சந்தித்தார். சிறுவயதுச் சம்பவங்களோ நன்றாக நினைவிருந்தன. இன்னொரு புதுமையும் இருந்தது. கண்ணாடியில் மட்டும் பார்த்து ஒரு நட்சத்திர உருவத்தின்மேல் பென்சிலை ஓட்டும் பயிற்சியை மில்னர் அவருக்குக் கொடுத்தார். அப்பயிற்சியைச் செய்த ஞாபகமே அவருக்கு இல்லை. ஆனால் அவரது கை நாளுக்கு நாள் அதில் தேறிக்கொண்டு வந்தது! புதிய சம்பவத்தைப் பதியும் அறை வேறு, பழைய சம்பவம் தங்கியிருக்கும் அறை வேறு, கை பழகிய வித்தைக்கு அறை வேறு என்று அதிலிருந்து விளங்கிற்று. அம்மனிதர் 82 வயதுவரை வாழ்ந்து 2008இல் காலமானார்.

நோய் எதுவுமில்லாத சாதாரண முதுமையில் நடப்பது என்ன? நாற்பது வயதுக்குமேல் (இதை எழுதுபவனுக்கும் அந்த வயதுதான்) மனதின் வேகம் மெல்லக் குறைகிறது. தெரிந்த ஒருவரின் பெயர் நுனிநாக்கில் நின்று வர மறுக்கிறது. இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் கவனிப்பது கடினமாகிறது. ஆயினும் சொல்வளமும், உலக அனுபவத்தால் வந்த அறிவும் குறைவதில்லை. அறுபது வயதுவரை அவை வளர்ந்துகொண்டே போவதும் உண்டு. சிறிது நேரமும் ஒரு சின்னக் குறிப்பும் கொடுத்தால் மறந்ததுபோல் இருந்த பெயர் திரும்பி வரும். அவசரப்படுத்தினால் வராது. முதியவர் பெயருக்காகத் தடுமாறும்போது நாம் முந்திக்கொண்டு எடுத்துக் கொடுத்துவிடுவது அவ்வளவு நல்ல உதவியல்ல.

யாசீன் ஏன் மறக்கவில்லை?

இளமையில், ஓசையோடு, வாய்விட்டு, ஆயிரம் தடவை ஓதியது எளிதில் அழிவதில்லை. ஹேர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜேர்மானியர் பொருளற்ற அசைகளைத் தாமே மனனஞ்செய்து, எத்தனை மணியில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் நூலாக வெளியிட்டார். படித்த முதல் மணித்தியாலங்களிலேயே பெரும்பகுதி போய்விடுகிறது, இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் படித்தால் தங்கிவிடுகிறது என்பது அவர் கண்டது. அவர் சொல்லும் முன்னரே குர்ஆன் மத்ரஸாக்கள் இதைக் கடைப்பிடித்து வந்தன. 114 சூறாக்களையும் மனனம் செய்யும் ஹாபிழ்கள் நேற்றைய பாடத்தை ஓதிக் காட்டாமல் இன்றைய பாடத்துக்குப் போவதில்லை. ஓதுபவருக்கு முன்னால், கேட்டுத் திருத்த ஒருவர் இருப்பார். நம் ஆலயங்களிலும் இதைக் காணலாம். சிறுவயதில் லத்தீன் பூசைக்கு உதவிய பெரியவர்கள் சிலர், காலையில் என்ன சாப்பிட்டோம் என்பதை மறந்தாலும் அந்த லத்தீன் மறுமொழிகளைப் பிசகின்றிச் சொல்வார்கள்.

கவிகளும் அப்படியே. பரண் காவலிலும் அருவி வெட்டிலும் பாடப்பட்ட கிழக்கிலங்கை நாட்டுக்கவிகளை வித்துவான் வீ. சீ. கந்தையா தமது 'மட்டக்களப்புத் தமிழகம்' நூலில் 1964இல் அச்சேற்றினார். நிந்தவூர் எஸ். முத்துமீரான் முஸ்லிம் கிராமங்களின் கவிகளைத் தேடித் தொகுத்தார். புத்தகத்தில் ஏறுமுன் அவையெல்லாம் எழுதப்படிக்கத் தெரியாத கிழவர் கிழவியரின் நாவிலேயே பத்திரமாக இருந்தன.

ஆனால் இங்கேதான் குடும்பங்கள் ஏமாந்துபோகின்றன. பழையது மறக்கவில்லை என்பது நோயில்லை என்பதற்கு அத்தாட்சி அல்ல. பிரெஞ்சு அறிஞர் தியோடுல் ரிபோ 1881இலேயே எழுதியதுபோல், நோயில் முதலில் கரைவது புதியது, கடைசியில் கரைவது பழையது. மூளையின் அந்தக் கடற்குதிரை உறுப்பையே அல்சைமர் நோய் ஆரம்பத்தில் தாக்குகிறது. ஆகவே, யாசீன் ஓதக் கூடியவர் தொழுததை மறப்பது அந்நோயின் தொடக்கத்தில் காணக்கூடிய ஒன்றேயாகும்.

வயதா, வருத்தமா?

திறப்பை எங்கே வைத்தோம் என்று தேடுவது வயது. திறப்பு எதற்கு என்று தெரியாமல் கையில் வைத்துப் பார்ப்பது வருத்தம். ஒரு நாள் சோறு அடிப்பிடித்தால் வயது. அடுப்பில் சோறு வைத்ததே நினைவில்லை, சமையல் முறையே தவறுகிறது, ஐம்பது வருடம் நடந்த ஒழுங்கையில் வீடு தெரியவில்லை, ஒரே மணித்தியாலத்தில் ஒரே கேள்வியைப் பல முறை கேட்கிறார், காசுக் கணக்குப் பிடிபடவில்லை, சாந்தமானவர் சந்தேகக்காரராகிறார் என்றால் அதனை வயதின்மேல் போட்டுவிடக்கூடாது. ஆசிரியை எழுதியுள்ள அடையாளங்களைப் பார்க்கையில் அந்த மூத்தம்மாவை வைத்தியரிடம் காட்டியே ஆகவேண்டும்.

ஜேர்மன் வைத்தியர் அலோயிஸ் அல்சைமர் 1901இல் பிராங்க்பேட் வைத்தியசாலையில் சந்தித்த பெண்ணுக்கு வயது 51தான். 1906இல் அப்பெண் இறந்தபின் அவளது மூளையை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து, அங்கே படிந்திருந்த படிவுகளையும் நரம்பணுக்களுள் முறுக்குண்டு கிடந்த இழைகளையும் அவர் கண்டார். அதன்பின்னரே, முதுமையின் இயல்பு என்று கருதப்பட்டவற்றுள் ஒரு நோய் மறைந்திருப்பது தெரியவந்தது. 2021இல் உலகில் 5 கோடியே 70 இலட்சம் பேர் மறதி நோய்களுடன் வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அவர்களுள் பெரும்பாலானோருக்கு அல்சைமர் நோய். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் பழுதாவதால் வரும் மறதி அடுத்தது. இலங்கையில் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போதே எட்டுப் பேரில் ஒருவர் 60 வயதைக் கடந்தவர். நமது நாடு விரைவாக முதுமையடைந்து வருகிறது.

வைத்தியரிடம் போகவேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மறதியைப்போல் தோன்றும் சில வருத்தங்கள் மாற்றக்கூடியவை. தைரொயிட் சுரப்பி மந்தமாவது, விற்றமின் பீ12 குறைவது, கணவனையோ பிள்ளையையோ இழந்தவரை வெளியே தெரியாமல் அரிக்கும் மனச்சோர்வு, நித்திரைக் குளிசை, தும்மலுக்கும் கடிக்கும் கொடுக்கும் சில பழைய மருந்துகள் என்பன அவற்றுட் சில. விழுந்து தலையில் அடிபட்ட சில வாரங்களின்பின் மண்டையோட்டினுள் இரத்தம் தேங்கியும் புத்தி மாறாடலாம். நேற்றுவரை நன்றாயிருந்தவர் இரண்டொரு நாளில் திடீரெனப் பிதற்றினால் அது அறளையே அல்ல. சிறுநீர்த் தொற்றோ வேறு காய்ச்சலோ இருக்கலாம். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டும். 'அறளை' என்ற ஒரு சொல்லால் இவையெல்லாம் மூடப்பட்டுவிடுகின்றன என்பதே அச்சொல்லின்மேல் எனக்குள்ள கோபம்.

678 கன்னியர்

மறதி நோய் பற்றிய ஆராய்ச்சிகளுள் மிகச் சிறந்த ஒன்றுக்குத் திருச்சபையின் கன்னியர் மடங்களே களமாயின. டேவிட் ஸ்னோடன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1986இல் நோத்ர் தாம் கல்விச் சகோதரிகள் சபையை அணுகினார். 75 வயதுக்கு மேற்பட்ட 678 சகோதரிகள் முன்வந்தனர். வருடந்தோறும் ஞாபகப் பரிசோதனைக்கு உட்படவும், மரணத்தின்பின் தங்கள் மூளையை ஆராய்ச்சிக்கு வழங்கவும் அவர்கள் சம்மதித்தார்கள். மணம் செய்யாமல், புகையிலை தொடாமல், ஒரேவிதமான உணவும் வைத்திய வசதியும் பெற்று வாழ்ந்தவர்களாகையால் ஒருவரை ஒருவருடன் ஒப்பிடுவது இலகுவாயிற்று.

வார்த்தைப்பாடு கொடுக்குமுன், இருபது வயதளவில், அவர்கள் எழுதிக் கொடுத்த சுயசரிதைகள் மடத்துப் பெட்டகங்களில் இருந்தன. அறுபது வருடங்களின்பின் அவற்றை எடுத்து ஆராய்ந்தார்கள். கருத்துச் செறிவோடு எழுதியவர்களுக்கு முதுமையில் அல்சைமர் நோய் குறைவாகவும், வெறுமையாக எழுதியவர்களுக்கு மிகுதியாகவும் காணப்பட்டது. நல்ல கல்வி பிற்காலத்துக்கு அரணாகிறதா, அல்லது நோயின் நிழல் இளமையிலேயே விழுந்துவிடுகிறதா என்பது இன்றும் விவாதத்துக்குரியது.

அதிலும் அதிசயம், 101 வயதில் இறந்த ஒரு சகோதரியின் கதை. 84 வயதுவரை படிப்பித்தவர். மரணத்துக்குச் சற்று முன்னர்கூட ஞாபகப் பரிசோதனைகளில் நன்றாகவே செய்தார். ஆனால் அவரது மூளையில் அல்சைமர் கண்ட படிவுகளும் முறுக்கிய இழைகளும் நிறையக் கிடந்தன! நோய் வீட்டுக்குள் வந்தும் வீட்டை விழுத்த முடியவில்லை. மாறாக, அதே படிவுகளோடு சின்னச் சின்னப் பாரிசவாத அடிகளும் மூளையில் விழுந்திருந்த சகோதரிகளுக்கு மறதி வெகு கூடுதலாக இருந்தது. படிவைத் தடுக்க நமக்கு வழி தெரியாவிட்டாலும் பாரிசவாதத்தைத் தடுக்க வழி தெரியும்.

"சும்மா இருங்க வாப்பா"

அந்த வழி இரத்த அழுத்தத்திலிருந்து தொடங்குகிறது. 'லான்செற்' வைத்திய சஞ்சிகை அமைத்த நிபுணர் குழு 2024இல் 14 காரணிகளைக் குறிப்பிட்டு, அவற்றை ஒழித்தால் உலகின் மறதி நோயில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்று மதிப்பிட்டது. எல்லாவற்றையும் இங்கே அடுக்கப்போவதில்லை. நமது பகுதிக்குப் பொருந்துவனவற்றை மட்டும் சொல்கிறேன். பிரஷர், சீனி வருத்தம், கொழுப்பு ஆகிய மூன்றையும் நாற்பது ஐம்பது வயதிலேயே கட்டுப்படுத்தவேண்டும். எழுபதில் விழித்துக்கொண்டால் காலம் பிந்திவிடும். அரசாங்க வைத்தியசாலையில் இவற்றைப் பார்க்கக் காசு தேவையில்லை. குளிசை எடுத்துச் சுகமானதும் கிளினிக்கை விட்டுவிடுவதே நம்மவர் வழக்கம். புகைத்தலும் மதுவும் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது?

காது மந்தமாவதை நாம் வேடிக்கையாக எடுத்துக்கொள்கிறோம். அது வேடிக்கையல்ல. காதில் விழாதது மனதில் பதியாது. பேச்சு விளங்காதவர் மெல்ல மெல்லச் சபையைவிட்டு ஒதுங்குவார், ஒதுங்கியவரின் மனம் வேலையின்றிக் கிடக்கும். கண்ணில் வெண்புரை வளர்ந்தவருக்கும் இதே கதிதான். காதுக்குக் கருவி வைப்பதும் கண்ணுக்குச் சத்திரசிகிச்சை செய்வதும் ஞாபகத்துக்குச் செய்யும் வைத்தியம் என்றே எண்ணவேண்டும்.

வல்லாரை பற்றிக் கேட்பார்கள். வல்லாரைச் சம்பல் நல்ல கீரை உணவு, தாராளமாகச் சாப்பிடலாம். மறதி நோயை அது தடுக்கும் என்பது நிரூபிக்கப்படவில்லை. ஞாபகத்துக்கென்று உலகமெங்கும் விற்கப்பட்ட ஜிங்கோ இலைச் சத்தை அமெரிக்காவில் 3,000 பேருக்கு மேற்பட்ட முதியவர்களில் ஆண்டுக்கணக்காகப் பரிசோதித்தார்கள். 2008இல் வெளிவந்த முடிவு, பயனில்லை என்பதுதான். போத்தலில் வரும் ஞாபகசக்திக்குச் செலவிடும் காசில் மீனும் பழமும் வாங்கலாம்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு. நமது கிராமங்களில் முதியோரின் ஞாபகத்துக்கு அன்பே எதிரியாகிவிடுகிறது. வெட்டு மெஷின் வந்தபின் வட்டையில் வயதானவர்களுக்கு வேலையில்லை. வீட்டிலோ, "நீங்க சும்மா இருங்க வாப்பா", "மூத்தம்மா, நீங்க குந்துங்க, நாங்க பார்க்கிறோம்" என்று பிள்ளைகள் மரியாதையோடு எல்லா வேலைகளையும் வாங்கிக்கொள்கிறார்கள். கடைக்குப் போகவேண்டாம், கணக்குப் பார்க்கவேண்டாம், சமைக்கவேண்டாம். யாரும் எதையும் அவரிடம் கேட்பதில்லை. கேளாத ஞாபகம் தங்குவதில்லை. நமது கத்தோலிக்க வீடுகளிலும் நடப்பது இதுதான். பூசைக்கு நடந்து போய்வந்த பெரியவரை, விழுந்துவிடுவார் என்று தொலைக்காட்சிப் பூசைக்கு முன் இருத்திவிடுகிறோம். நடைக்கும் ஆட்களைச் சந்திப்பதற்கும் அவருக்கு இருந்த ஒரே வழி அதோடு அடைபட்டுப் போகிறது.

ஆகவே அந்த மூத்தம்மாவுக்கு வைத்தியம் நடக்கும்போதே வேலையும் கொடுக்கவேண்டும். கொச்சிக்காய் காம்பு கிள்ளட்டும், அரிசி புடைக்கட்டும். கைகள் பழகிய தொழில் கடைசிவரை துணை நிற்கும் என்பதை மொலேசனின் பென்சில் காட்டியிருக்கிறதல்லவா? பேரப்பிள்ளைகள் பக்கத்தில் இருந்து ஓதட்டும், அவர் பிழை திருத்தட்டும். அவர் சொல்லும் கவிகளை ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும். இதனால் நோய் மாறிவிடும் என்று நான் சொல்லவில்லை. மறதி நோய் வந்த எவரும் தம் குற்றத்தால் அதைத் தேடிக்கொண்டவரல்லர். படித்தவர்களுக்கும் உழைத்தவர்களுக்கும் பக்தர்களுக்கும் அது வருகிறது.

"தங்கச்சி வரல்லியா?"

இனி ஆசிரியையின் இரண்டாவது கேள்வி. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் கடல்கோள் 10,000 பேருக்கு மேல் கொண்டுபோயிற்று. யுத்தமும் தன் பங்குக்குக் கொண்டுபோயிற்று. அந்த நாட்களில் நடுவயதில் இருந்தவர்கள் இன்று முதியவர்கள். இறந்தவர்களை உயிரோடு தேடும் தாய்மார் எல்லாச் சமயத்தார் வீடுகளிலும் இருக்கிறார்கள்.

பொய்க்கு இடமில்லை என்பதில் புனித அகுஸ்தீனாரைப்போல் கண்டிப்பானவர் எவருமிலர். நல்ல நோக்கத்துக்காகவும் பொய் சொல்லலாகாது என்று வாதிட்டவர் அவர். ஆனால் பொய் சொல்லாதிருப்பது வேறு, ஒவ்வொரு காலையும் மரண அறிவித்தல் வாசிப்பது வேறு. மூத்தம்மாவுக்குத் தங்கை இறந்த செய்தி ஏற்கனவே சொல்லப்பட்டாயிற்று. அன்று அழவேண்டிய அழுகையை அவர் அழுதும் முடித்தார். இன்று அவர் கேட்பது செய்தியல்ல, தங்கையைத்தான். பெருநாள் வருகிறது, ஆள் குறைகிறது, மனம் தேடுகிறது. அதற்குத் தக்க மறுமொழி, "தங்கச்சியைத் தேடுதோ மூத்தம்மா? பெருநாளைக்கு அவ என்ன கொண்டு வருவா?" என்பது. அவர் சொல்லத் தொடங்குவார். பலகாரத்தைச் சொல்வார், சிறுவயதில் குளத்தில் குளித்ததைச் சொல்வார். கேட்டுக்கொண்டிருக்கலாம். இதில் ஒரு சொல்லேனும் பொய்யில்லை. ஏதோ ஒரு நாள் தெளிந்த முகத்தோடு, "அவ மௌத்தாகிட்டாவா?" என்று அவரே நேராகக் கேட்டால், ஆம் என்று மெதுவாகச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொள்ளவேண்டும். அப்பொழுது மறைப்பது சரியல்ல.

சீராக்கின் ஞான நூல் மூன்றாம் அதிகாரத்தில், முதுமையில் அறிவு குன்றிய தந்தையிடம் பொறுமையாக இருக்கும்படியும், உடல்வலு உள்ள மகன் அவரை இகழக்கூடாதென்றும் பணிக்கப்பட்டிருக்கிறது. முதுமையடைந்த பெற்றோரைப் பார்த்துச் 'சீ' என்றுகூடச் சொல்லலாகாது என்று குர்ஆனின் பதினேழாம் சூறா கட்டளையிடுகிறது என்பதை அந்த வீட்டார் நம்மைவிட நன்கறிவர். இதில் இரண்டு வேதங்களுக்கும் பேதமில்லை.

பராமரிப்பவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தப் பாரம் பெரும்பாலும் ஒரு மகளின் தலையிலேயே விழுகிறது. ஒரே கேள்விக்கு இருபதாவது தடவை மறுமொழி சொல்லும்போது அவளுக்குக் கோபம் வருவது பாவமல்ல, களைப்பு. ஆண்மக்களும் மருமக்களும் முறை வைத்து ஒரு மாலையாவது அவளை விடுவிக்கவேண்டும். பங்குகளில் நோயாளரைச் சந்திக்கச் செல்லும் மரியாயின் சேனையார், நோயாளிக்குச் செபமாலை சொல்லும் நேரத்தில் மகளைச் சற்று வெளியே போய்வரச் சொன்னால் நல்லது.

ஆசிரியைக்கு இறுதியாக: மூத்தம்மாவை முதலில் அண்மையிலுள்ள அரசாங்க வைத்தியசாலையில் காட்டச் சொல்லுங்கள். தேவையானால் அங்கிருந்து அம்பாறைக்கோ கல்முனைக்கோ அனுப்புவார்கள். போகும்போது அவர் எடுக்கும் குளிசைகள் அனைத்தையும், கடையில் வாங்கியவற்றையும் நாட்டு மருந்தையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோகவேண்டும். மாற்றம் எப்போது தொடங்கியது, மெல்ல வந்ததா திடீரென வந்ததா, இடையில் விழுந்தாரா, நித்திரை எப்படி என்பவற்றை ஒரு கடதாசியில் எழுதிக்கொள்ளட்டும். கூடப் போகவேண்டியவர் பகலில் அவரோடு வீட்டில் இருப்பவர். மாதத்துக்கொருமுறை கொழும்பிலிருந்து வரும் மகன் போனால் வைத்தியர் கேட்கும் பாதிக் கேள்விகளுக்கு அவரிடம் பதில் இராது. அல்சைமர் நோயாளரின் குடும்பங்களுக்கு ஆலோசனை வழங்க லங்கா அல்சைமர்ஸ் பவுண்டேஷன் என்ற நிறுவனமும் கொழும்பில் இருக்கிறது.